கார்பெட்டைக் கழற்றிய பிறகு

மேல்மாடி வீட்டில் கார்பெட்டை எடுத்துவிட்டு வேறு தரை போட விரும்புகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, 'எது சத்தம் போடாது?' என்பதுதான். கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பி ஐஐசி 72 என்றோ 70 என்றோ அச்சிட்ட எண்ணைக் காட்டுவார். காலடி அதிர்வு கீழே போகாமல் ஒரு தளம் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான மதிப்பெண் அது. தரை போடும் வேலையில் இருப்பவர்கள் இந்த எண்ணை நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அது அளக்கப்பட்ட கட்டடம் வேறு, வாங்குபவர் குடியிருக்கும் கட்டடம் வேறு. பெட்டிகளில் காணும் பெரிய எண்கள் பெரும்பாலும் 6 அல்லது 8 அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேலே, கீழே தொங்கு கூரையும் வைத்து எடுத்தவை. வட அமெரிக்காவின் மூன்று, நான்கு மாடி அடுக்ககங்களில் பெரும்பாலானவற்றில் காலுக்கடியில் இருப்பது மர உத்தரங்களும் அவற்றின் மேல் அடித்த ப்ளைவுட்டும்தான். ஊரில் கான்கிரீட் மாடிக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிடும்.

எண்ணை எடுக்கும் முறையையும் பார்க்க வேண்டும். ஐந்து சுத்தியல்கள் உள்ள ஒரு யந்திரம், ஒவ்வொன்றும் 500 கிராம், 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, ஐந்தும் சேர்ந்து நொடிக்குப் பத்து முறை தரையைத் தட்டும். கீழ் அறையில் 100 முதல் 3150 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். செருப்புக் குதி, நாற்காலிக் கால், கீழே விழும் கரண்டி எல்லாம் இதற்குள் அடங்கும். ஆனால் வெறுங்காலுடன் ஓடும் குழந்தையின் 'தொம் தொம்' மரத் தளத்தில் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்வது அந்தத் தொம்மைப் பற்றித்தான்; மதிப்பெண்ணில் அதற்கு இடமே இல்லை. அமெரிக்காவின் பொதுக் கட்டட விதி கேட்கும் ஐஐசி 50-ஐத் தாண்டிய வீட்டிலும் சண்டை ஓயாததற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் கார்பெட் இத்தனை நாள் என்ன செய்தது? பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதைப் போல, மோதும் நேரத்தை நீட்டியது. மோதல் நீண்டால் கூர்மையான ஒலி பிறப்பதே இல்லை. கடினமான பலகைக்கு அடியில் மெத்தை வைக்கும்போது மோதல் மேலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அடிவிரிப்பு மிச்சத்தைத்தான் வடிகட்டுகிறது. அதிலும் லேசான பலகையும் மெல்லிய ரப்பரும் சேர்ந்து தமக்கென ஓர் அதிர்வெண்ணில் ஆடும். அதற்கு மேலேதான் பலன், அதற்குக் கீழே ஏதும் குறையாது. ஆகவே மென்மை கால்படும் இடத்திலேயே இருக்கட்டும் என்பேன். ஒட்டிப் போடும் கார்க் ஓடு, நுரை அடிப்பாகம் கொண்ட சுருள் வினைல் இரண்டும் மரத் தளத்துக்கு ஏற்றவை. கார்க் என்று விற்கும் பலகைகள் பலவற்றின் நடுவில் அழுத்திய மரநார்ப் பலகை இருக்கும், மேலே கார்க் மெல்லிய தோலாகத்தான் இருக்கும். வெட்டிய விளிம்பைப் பார்த்து வாங்க வேண்டும். லேமினேட்தான் வேண்டும் என்றால் நடைபாதையிலும் கட்டிலைச் சுற்றியும் கனமான விரிப்பு போட்டே ஆக வேண்டும்.

'விரிப்பு வேண்டாம் என்றுதானே கார்பெட்டை எடுத்தோம்' என்பார்கள். எடுத்தது தூசுக்காகவும் ஒவ்வாமைக்காகவும் என்றால், சுவரோரம் ஆணிப்பட்டையில் மாட்டிய கார்பெட்டும், தூக்கித் தட்டி வெயிலில் போடக்கூடிய விரிப்பும் ஒன்றல்ல. நியூயார்க் வாடகை ஒப்பந்தங்களில் தரையில் 80 சதவீதம் மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அடிக்கடி வருவதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. 'அடிவிரிப்பை இரண்டு மடங்கு தடிமனாகப் போட்டால்?' என்பது அடுத்த கேள்வி. கொக்கி போட்டுப் பூட்டும் வினைல் பலகைகள் அதிக மெத்தையின் மேல் வளைந்து பூட்டு உடையும். அடியில் மெத்தை ஒட்டியே வருபவற்றுக்கு இன்னொன்று போட்டால் பல நிறுவனங்கள் உத்தரவாதத்தையே ரத்து செய்துவிடும். கான்கிரீட் கட்டடமாக இருந்தால் என் வாதம் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கனத்த தளமே தொம்மை அடக்கிவிடும், மிச்சக் கூர்மையைத் தணிக்க நல்ல ரப்பரோ கார்க்கோ அடியில் இருந்தால் போதும்.

மரத் தளத்தில் தொம் ஒலிக்கு மேலிருந்து செய்யக்கூடியது குறைவு. அது கார்பெட் இருந்தபோதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 25 முதல் 38 மில்லிமீட்டர் வரை ஜிப்சம் கலவை ஊற்றிக் கனம் கூட்டலாம், உத்தரங்கள் தாங்குமா என்று பொறியாளர் பார்த்த பிறகு. இல்லையென்றால் கீழ்வீட்டுக் கூரையை வளைந்து கொடுக்கும் உலோகப் பட்டைகளில் தொங்கவிட வேண்டும். அது அவர்கள் சம்மதமும் செலவும் சேர்ந்த விஷயம். இதை முதலிலேயே சொல்லிவிடாத ஒப்பந்தக்காரர் பிறகு பதில் சொல்ல வேண்டிவரும்.

கார்பெட் கழன்று ப்ளைவுட் வெளியே தெரியும் அந்த இடைவெளி திரும்பக் கிடைக்காது. கிறீச்சிடும் இடமெல்லாம் உத்தரத்தில் இறங்கும்படி திருகாணி போட்டு இறுக்க வேண்டும்; ஆணி போதாது. தளத்தில் ஒட்டாமல் போடும் மிதவைத் தரையாக இருந்தால் சுவரோரம் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடம் விட்டு, சுவர்ப்பட்டையைத் தரையைத் தொடாமல் சற்றுத் தூக்கிச் சுவரில் மட்டும் அடிக்க வேண்டும். பட்டை பலகையை அழுத்தினால் அதிர்வு அடிவிரிப்பைச் சுற்றிக்கொண்டு சுவர் வழியாகவே கீழே இறங்கிவிடும்.