சுக்கான் என் கைக்கு வந்தது!

ரிட்டையர் ஆனதும் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புவார்கள். என்னவரோ ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நீளம் 28 அடி. அதற்குள்ளேயே படுக்கை, ஸ்டவ், டாய்லெட் எல்லாம். “இதுலயே மயாமி வரைக்கும் போயிடலாம்” என்றார். எனக்கு நீச்சல் தெரியும். படகைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், நார்ஃபோக் துறைமுகத்துக்குப் பக்கத்தில். ‘இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே’ என்ற நீர்வழியின் பூஜ்ஜியம் மைல் அங்கேதான். அட்லாண்டிக் கரையை ஒட்டி இருக்கும் ஆறுகள், கழிமுகங்கள், வெட்டிய கால்வாய்கள் எல்லாவற்றையும் கோத்த வழி அது. நம் பக்கிங்ஹாம் கால்வாயின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மயாமிக்கு ஏறக்குறைய 1,090 மைல்.

எங்கள் படகு மணிக்கு ஐந்தாறு மைல்தான் போகும். சைக்கிள்கூட முந்திவிடும்! ஒரு நாளைக்கு நாற்பது மைல். இருட்டும் முன் நங்கூரம் போட்டுவிட வேண்டும். புயல் சீசன் ஓயத் தொடங்கும் அக்டோபர் கடைசியில், குளிருக்குப் பயந்து தெற்கே போகும் படகுகளோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

முதலில் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். மரப்பட்டைச் சாறு இறங்கி, தண்ணீர் பால் விடாத டீ நிறத்தில் இருக்கிறது. இரு கரையிலும் காடு. அழகுதான். ஆனால், 1805-ல் திறக்கப்பட்ட இந்தக் கால்வாயை, இடுப்பளவு சேற்றில் நின்று கையால் வெட்டியவர்கள் கறுப்பின அடிமைகள் என்று படித்தபோது மனசு கனத்தது.

கால்வாயைத் தாண்டினால் எலிசபெத் சிட்டி. படகில் வரும் பெண்களுக்கு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்பது, 1983-ல் அங்கே ஆரம்பித்த வழக்கம். எனக்கும் ஒன்று கிடைத்தது. தலையில் வைத்துக்கொண்டேன். அதுவரை படகில் என் வேலை, குக்கரில் சாதம் வைப்பதும் கயிறு எறிவதும்தான்.

அல்பமார்ல் தந்த பாடம்

மறுநாள் அல்பமார்ல் சவுண்ட். அகலமான, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. ஆழம் இல்லாததால் கொஞ்சம் காற்றடித்தாலே அலைகள் குட்டை குட்டையாக, செங்குத்தாக எழும். பாயை இறக்க முன்பக்கம் போனவர், “காத்துக்கு எதிரா வலப்பக்கம் திருப்பு!” என்று கத்தினார். நான் சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினேன். கட்டையை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் படகு திரும்பும். அலை பக்கவாட்டில் அறைந்தது, அவர் விழுந்தார். கம்பியைப் பிடித்ததால் தண்ணீருக்குள் போகவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் தண்ணீரில் விழுந்திருந்தால்? படகைத் திருப்பிக்கொண்டு போய் அவரைத் தூக்க எனக்குத் தெரியாதே!

“நாளைக்கு எனக்குக் கத்துக் கொடுங்க” என்றேன். “என் தப்பு. கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்திருக்கணும்” என்றார்.

ஒரு குஷனைத் தண்ணீரில் எறிவார். நான் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் படகைத் திருப்பி, பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி எடுக்க வேண்டும். முதல் நான்கு முறை தவறவிட்டேன். பத்தாவது முறை கையில் எடுத்துவிட்டேன். தெற்கே போகும்போது சிவப்பு அடையாளம் வலப்பக்கம், பச்சை இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதும் மனப்பாடம் ஆனது.

அவர் கை சரியாக மூன்று வாரம் பிடித்தது. அதுவரை ஓட்டியது நான்.

ஜார்ஜியாவில் கடல் ஏழெட்டு அடி ஏறும், வற்றும். இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை சதுப்புப் புல். நான் ஒரு வளைவைச் சற்றே உள்ளே வெட்டி எடுக்க, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் வற்ற வற்ற, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சாய்ந்த படகில், இடது கையால் ரசம் வைத்துக் கொடுத்தார்! ராத்திரி தண்ணீர் ஏறியதும் படகு தானாக மிதந்தது.

ஃப்ளோரிடாவில் செயின்ட் அகஸ்டின். 1565-ல் ஸ்பானியர்கள் அமைத்த ஊர். அங்கே சிங்கப் பாலம் தூக்கினால்தான் எங்கள் பாய்மரம் நுழையும். ரேடியோவில் 9-ம் சானலில் படகின் பெயர் சொல்லி வழி கேட்டேன். மணி அடித்தது, கார்கள் நின்றன, பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழுந்தது. சுக்கானைப் பிடித்தபடி நான் உள்ளே ஓட்டிப்போனேன். அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் நடுவில் மயாமி வந்து சேர்ந்தோம்.

வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலை என்று எதுவும் இருக்கக் கூடாது, தோழிகளே. கேஸ் சிலிண்டர் மாற்றுவதோ, பேங்க் கணக்கோ, காரோ... இன்றைக்கே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நான் படகு கற்றுக்கொண்டேன். அவர் ரசம் கற்றுக்கொண்டார். உப்புதான் இன்னும் கொஞ்சம் தூக்கல்!