தினமும் எடை பார்ப்பவரா நீங்கள்? அம்மாவின் நோட்டு சொன்ன கணக்கு!

'ஒரே வாரத்தில் 5 கிலோ குறைக்கலாம்' என்று தலைப்பு வைத்தால் எவ்வளவு பேர் க்ளிக் செய்வார்கள் என்பது டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால், எடை குறைக்கத் தொடங்கியவர்கள் நிஜத்தில் திண்டாடுவது வேறு ஒரு கேள்வியில்தான். 'எடை மெஷினில் எப்போது ஏற வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை ஏற வேண்டும்?'

சின்னக் கேள்விதான். ஆனால், இதற்குச் சரியான பதில் தெரியாததால் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் முயற்சியைப் பாதியில் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே அது நடக்கப் பார்த்தது.

அம்மாவுக்கு 51 வயது. போன வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. "எடையில் 5 சதவிகிதம் குறைத்தாலே நல்லது" என்றார் டாக்டர். அப்போது அம்மாவின் எடை 74 கிலோ. ஆக, கிட்டத்தட்ட 4 கிலோ குறைக்க வேண்டும். அம்மாவைப் பெற்ற அம்முச்சிக்குச் சர்க்கரையால் இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பதால் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையோடோ, உடல் பருமனோடோ இருக்கிறார்கள். அதாவது, பத்தில் நான்கு பேர்.

அம்மா காலையில் வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா பக்கம் நடக்க ஆரம்பித்தார். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையிலிருந்து வரும் பையில் கீரையும் காயும் கூடின. கூடவே ஒரு டிஜிட்டல் எடை மெஷினும் வீட்டுக்கு வந்தது. பிரச்னை அங்கேதான் தொடங்கியது. எழுந்ததும் ஏறுவார். நடந்து வந்ததும் ஏறுவார். மதியம் சாப்பிட்டதும், இரவு படுக்கும் முன்பும் ஏறுவார். ஒரு வியாழக்கிழமை காலை 72.1 காட்டியது. முந்தின நாள் 71.2.

"என்ன கண்ணு இது? இவ்வளவு நடந்தும் ஒரு கிலோ ஏறிக் கெடக்குது. இதுக்கு எதுக்கு நடக்கோணும்?"

அன்று அம்மா நடக்கப் போகவில்லை.

முந்தின நாள் இரவு எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம். கூட நெய், அப்பளம், ஊறுகாய். அதில்தான் விடை இருந்தது. உப்பு அதிகமாகச் சாப்பிட்டால் உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசியிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும். போதாததற்கு, சாப்பிட்ட சாப்பாட்டின் எடையே வயிற்றில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மெஷினில் ஏறினாலும் ஒரு கிலோ கூடத்தான் காட்டும். அதை யாரும் கொழுப்பு என்று சொல்வதில்லையே! ஒரு கிலோ கொழுப்பு உடலில் சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி சாப்பிட வேண்டும். ஒரே ராத்திரியில் அரிசிம்பருப்பு சாதத்தால் அது முடியாது.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் எனக்கே ஒரு கிலோ வரை கூடும். பிறகு தானாக இறங்கிவிடும். அந்த வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

இரவில் எடை குறைவதும் இப்படித்தான். இத்தாலியின் பதுவா நகரைச் சேர்ந்த மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து சுமார் 30 ஆண்டுகள் தன்னையே எடை போட்டார். சாப்பிட்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் எடை போட்டு 1614-ல் புத்தகமாக வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாமலே உடலிலிருந்து எடை வெளியேறுகிறது என்பது அவர் கண்டது. மூச்சிலும் வியர்வையிலும் தூங்கும்போதுகூட அது நடக்கிறது. காலை எடையையும் இரவு எடையையும் ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

அதனால் அம்மாவும் நானும் சில விதிகள் வைத்துக்கொண்டோம். காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய் வந்த பிறகு, காபி குடிக்கும் முன் ஒரே ஒரு முறை. ஏறக்குறைய ஒரே மாதிரி உடை. மெஷின் எப்போதும் சமமான தரையில், ஒரே இடத்தில். கால்மிதி மேல் வைத்தால் எண் மாறும். மெடிக்கல் ஷாப் மெஷின், ஆஸ்பத்திரி மெஷின் காட்டுவதை வீட்டு மெஷினோடு ஒப்பிடுவதில்லை. எண்ணை நோட்டில் எழுதிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு நாள் எடையைக் கூட்டி, ஏழால் வகுக்க வேண்டும்.

அம்மா பயந்துபோன அந்த வாரத்தின் சராசரி 71.4. அடுத்த வாரம் 71.1. முதல் வாரத்தின் மிகக் குறைந்த எண் 71.0, இரண்டாம் வாரத்தின் அதிகபட்சம் 71.6. இந்த இரண்டு நாள்களை மட்டும் பார்த்திருந்தால் 600 கிராம் ஏறிவிட்டதாகத்தான் நினைத்திருப்போம். உண்மையில் 300 கிராம் குறைந்திருந்தது. "அப்போ எறங்கித்தான் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அம்மா ஷூவை மாட்டினார்.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஓராண்டாவது ஏறவிடாமல் காத்தவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்களில் 75 சதவிகிதம் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். ஆக, வாரம் ஒருமுறை என்பது பெரும்பாலானவர்களுக்கு நல்ல தொடக்கம். ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்கும் பொறுமை இருந்தால் தினமும் பார்க்கலாம்.

எண்ணைப் பார்த்ததும் அன்றைய சாப்பாட்டைத் தவிர்க்கத் தோன்றுகிறதா? அப்படியானால் மெஷினைப் பரண்மேல் போடுங்கள். என் கல்லூரித் தோழி ஒருத்தி, காலையில் வரும் எண்ணைப் பொறுத்துத்தான் அன்றைக்குச் சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். அவளை அதிலிருந்து மீட்க மனநல மருத்துவரின் உதவி தேவைப்பட்டது. அதேநேரம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களை டாக்டர்களே தினமும் எடை பார்க்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் ஒன்றிரண்டு கிலோ திடீரென ஏறினால், அது உடலில் நீர் கோத்ததற்கான அறிகுறியாக இருக்கலாம் என்பதால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நடுவில் மூன்று வாரம் அம்மாவின் சராசரி அசையவே இல்லை. ஆனால், ஜாக்கெட் தளர்ந்திருந்தது. டேப் வைத்து அளந்தால் இடுப்பு 2 செ.மீ. குறைந்திருந்தது. இந்தியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. மாதம் ஒருமுறை அதையும் நோட்டில் எழுதலாம்.

அந்த மூன்று வாரமும் அம்மாவுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு சென்னை ஆய்வைப் பற்றித்தான். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பல குழுக்களாகப் பிரித்து, சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் அது 39.3 சதவிகிதம். இத்தனைக்கும் அவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை! மெஷின் அசையாமல் நின்றபோதும், நடந்த நடை உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அம்மாவின் வாரச் சராசரி இப்போது 70-க்குக் கீழே. சர்க்கரை 5.9. இன்னும் விளிம்பில்தான் இருக்கிறார், ஆனால் இறங்கும் திசையில். எடை ஏறிக் காட்டும் காலையிலும் நீங்கள் நடக்கப் போகிறீர்கள் என்றால், நீங்கள் எடை பார்க்கும் முறை சரி. அந்த எண் உங்களைப் போகவிடாமல் வீட்டில் உட்காரவைக்கிறது என்றால், இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பாருங்கள்.