காசல்டன் கோபுரத்தின் அடிவாரத்தில் ஓர் இரவு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கொலராடோ ஆற்றின் கரையை ஒட்டிச் செல்லும் 128ஆம் எண் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போனால், வலப்பக்கம் காசல் பள்ளத்தாக்குக்கு ஒரு சாலை பிரியும். அதில் திரும்பியவர் யாரும் காசல்டன் கோபுரத்தைப் பார்க்காமல் போக முடியாது. செம்மண் சரிவு ஒன்று கூம்பு வடிவில் எழுந்து நிற்கிறது. அதன் தலையில் யாரோ நட்டு வைத்ததுபோல் 120 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாறைத்தூண். நம் ஊர்க் கணக்கில் 40 மாடி அடுக்ககம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கு பாலைவன மணல்மேடுகள் இருந்தன. அந்த மணல் இறுகிக் கல்லானதுதான் இந்தத் தூண். ‘விங்கேட்’ மணற்பாறை என்பது அதன் பெயர். கீழே உள்ள அடுக்குகள் மென்மையானவை என்பதால் கரைந்து சரிவாகிவிட்டன. கெட்டியான பாறை பிளந்து பிளந்து விழுந்து, மிஞ்சியது மட்டும் தூணாக நிற்கிறது.

கொத்தனாரும் நில அளவையாளரும்

இந்தத் தூணில் முதன்முதலில் ஏறியவர்கள் லேட்டன் கோர், ஹன்ட்லி இங்கால்ஸ் ஆகிய இருவர். அது 1961 செப்டம்பரில். கோர் தொழிலால் கொத்தனார். இங்கால்ஸ் நில அளவைப் பணிக்காக இந்தப் பக்கம் வந்தபோது தூணைப் பார்த்து வைத்தவர். அவர்கள் ஏறிய வழி இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. 1979இல் வெளிவந்த, வட அமெரிக்காவின் சிறந்த 50 ஏற்றங்களைத் தொகுத்துச் சொல்லும் நூலில் அந்த வழியும் இடம்பெற்றது. அதன்பின் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினர்.

விளம்பரக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1964இல் செவ்ரோலெட் நிறுவனம் ஒரு காரைப் பகுதி பகுதியாக ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று, உச்சியில் வைத்துப் பூட்டி, பக்கத்தில் ஒரு பெண்ணையும் நிறுத்திப் படம் எடுத்தது. 1973இல் இன்னொரு முறையும் அதையே செய்தது. ஒரு கார் நிற்கும் அளவுக்கு அந்த உச்சி தட்டையானது என்பது இதிலிருந்து தெரியும்.

ஏறும் நாள்

வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து தூணின் அடிக்குப் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். சுமார் 400 மீட்டர் செங்குத்தான சரிவில் நடக்க வேண்டும். முதுகில் கயிறு, தண்ணீர், பாறைப் பிளவுகளில் செருகும் உலோகக் கருவிகள் எல்லாம் சேரும்போது, ஏறும் முன்பே பாதி பலம் போய்விடும். அதனால் விடியும் முன் புறப்படுவதே வழக்கம். வார இறுதி என்றால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். மேலே இருப்பவர் நகரும் வரை கீழே காத்திருக்க நேரிடும்.

கோர், இங்கால்ஸ் வழியை நான்கு கட்டங்களாக ஏறுகிறார்கள். தூணில் மேலிருந்து கீழாக ஓடும் பெரிய பிளவுதான் பாதை. கையை நுழைத்து, முஷ்டியை மடக்கி இறுக்கி, காலைத் திருகி வைத்து, ஒவ்வொரு அடியாக உயர வேண்டும். மூன்றாவது கட்டம்தான் பலருக்கும் சோதனை. அங்கே பிளவு அகன்றுவிடுகிறது. கை மட்டும் நுழைத்தால் பிடிப்பு கிடைக்காது. முழு உடம்பும் உள்ளே போகவும் இடம் போதாது. போதாக்குறைக்குச் சுவரில் வெள்ளையாகக் கால்சைட் படிந்து கண்ணாடிபோல் வழுக்கும். புத்தகத்தில் இதன் கடினம் 5.9 என்று போட்டிருக்கும். உள்ளரங்கச் சுவர்களில் அந்த எண்ணைச் சுலபமாகத் தாண்டியவர்கள்கூட இங்கு மூச்சு வாங்குவார்கள்.

உச்சிக்கு வந்தால், கிழக்கே லா சால் மலைத்தொடர். வசந்த காலத்தில் அதன் முகடுகளில் பனி இருக்கும். கீழே செந்நிறப் பள்ளத்தாக்கு. காலடியில் இருக்கும் பாறை அசையாதது என்றுதான் தோன்றும். உண்மையில் அது எப்போதும் அசைந்துகொண்டிருக்கிறது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஏறுநர்களின் உதவியோடு நில அதிர்வுமானியை உச்சிக்கு அனுப்பி அளந்தார்கள். 2019இல் வெளியான அவர்களின் முடிவுப்படி, காற்றாலும் தொலைதூர அதிர்வுகளாலும் தூண் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை மெல்ல ஆடுகிறது. நம் இதயத்துடிப்பின் வேகம். ஆனால் நம் உடம்பால் அதை உணர முடியாது.

மழைக்குப் பின் காத்திருங்கள்

பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையில் ஏறிப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே மழை விட்டுப் பாறை காய்ந்ததும் ஏறலாம். மணற்பாறை அப்படியல்ல. நீர் உள்ளே ஊறும்போது மணலைப் பிணைத்திருக்கும் பொருள் வலுவிழக்கிறது. மேல்பரப்பு காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் இருக்கும். அப்போது பிடி பெயர்ந்து வரும், செருகிய கருவி பிடுங்கிக்கொள்ளும். ஆபத்து ஏறுபவருக்கு மட்டுமில்லை. உடைந்த பிடி மீண்டும் முளைக்காது, வழி என்றென்றைக்கும் மாறிவிடும். நடைபாதை மண்ணைச் சற்றுக் கிளறிப் பார்த்து, அடியில் ஈரம் தெரிந்தால் அன்று ஏறாமல் இருப்பதே இவ்வூர் வழக்கம். சில சமயம் இரண்டு மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டும். பயணத் திட்டத்தில் அதற்கும் இடம் விடுங்கள்.

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். கோடையில் வெயில் 38 பாகையைத் தாண்டும். பிற்பகலில் திடீரென இடிமின்னல் வரும். அந்த நேரத்தில் தூணின் உச்சியில் இருப்பது விபரீதம்.

காலடியில் உள்ள உயிர்

கூடாரம் போட இடம் தேடும்போது, கறுப்பாகவும் மேடு பள்ளமாகவும் பொருக்குப் பிடித்த மண் கண்ணில் படும். வெறும் மண் என்று நினைத்து மிதித்துவிடக் கூடாது. நீலப்பசும் நுண்ணுயிர்கள், பாசி, லைக்கன் ஆகியவை சேர்ந்து மணல் துகள்களைப் பின்னி உருவாக்கிய மேல்தோல் அது. காற்றில் மணல் பறக்காமல் காப்பதும், நைட்ரஜனை மண்ணில் சேர்த்துச் செடிகளுக்கு ஊட்டுவதும் அதுதான். ஒரே மிதியில் நொறுங்கிவிடும். பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே பாதை, வெறும் பாறை, மணல் ஓடை ஆகிய மூன்றில்தான் நடக்க வேண்டும். ஆனால் மணல் ஓடையில் தூங்கக் கூடாது. எங்கோ மலையில் பெய்த மழை இங்கே வெள்ளமாக வந்து சேரும்.

பாறைக் குழிகளில் தேங்கும் நீரிலும் உயிர் உண்டு. சின்னஞ்சிறு இறால் இனங்களின் முட்டைகள் அங்கே ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்து, மழை வந்ததும் பொரிக்கும். வெயில்பூச்சு தடவிய கையை அதில் கழுவினாலே அவற்றுக்குக் கேடு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது மோவாப்பிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது, பேசக் கூச்சப்படும் விஷயம். நம் ஊர்க் காட்டில் குழி தோண்டிப் புதைத்தால் ஈரமும் நுண்ணுயிரும் சேர்ந்து சில வாரங்களில் மண்ணாக்கிவிடும். பாலையில் அது நடக்காது. புதைத்தது அப்படியே காய்ந்து கிடக்கும். அதற்கென்றே உறைபொடி போட்ட இரட்டைப் பைகள் மோவாப் கடைகளில் கிடைக்கின்றன. பயன்படுத்தியதை மூடிக் கட்டித் திரும்பக் கொண்டு வர வேண்டும். காகிதத்துக்கும் அதே விதிதான்.

விறகு பொறுக்கக் கூடாது. இங்குள்ள ஜூனிப்பர் மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. பட்ட கிளைகூடப் பல்லிக்கும் பூச்சிக்கும் வீடு. சின்ன எரிவாயு அடுப்பு இருந்தால் சோறும் ரசமும் ஆகிவிடும். நெருப்பு இல்லாத முகாமில் இன்னொரு லாபம், கண் இருட்டுக்குப் பழகியதும் பால்வீதி மண்டலம் விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தெரியும்.

இந்த நிலம் எப்படித் தப்பியது

தூணின் அடிவாரம் முன்பு, பள்ளிகளுக்கு வருமானம் ஈட்டித் தர மாநிலம் வைத்திருந்த நிலம். அத்தகைய நிலத்தை விற்கலாம். வாங்குபவர் வீடு கட்டலாம், வேலி போடலாம். 2000களின் தொடக்கத்தில் அந்த நிலை நெருங்கியபோது, பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களும் பாறை ஏறுபவர்களும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். யூட்டா ஓப்பன் லேண்ட்ஸ் என்ற நிலக் காப்பு அமைப்பு 200 ஏக்கருக்கு மேல் வாங்கிப் பாதுகாப்பில் வைத்தது. இன்று நாம் அனுமதி கேட்டு யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் ஏறுகிறோம் என்றால், முன்பின் தெரியாத பலர் கொடுத்த பணம்தான் காரணம்.

அங்குள்ள முகாமிடம் சிறியது. நிரம்பிவிட்டால் புதிதாக ஓர் இடத்தைத் துப்புரவு செய்து கூடாரம் அடிப்பது தீர்வல்ல. 128ஆம் சாலையோரம் ஆற்றங்கரையில் பிக் பெண்ட் போன்ற அரசு முகாம்கள் கழிப்பறை வசதியோடு உள்ளன. கட்டணம் உண்டு. எங்கே தங்கினாலும் அறிவிப்புப் பலகையை முதலில் படியுங்கள், விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். பள்ளத்தாக்கில் வீடுகள் இருக்கின்றன, இரவில் குரல் வெகுதூரம் போகும். பாட்டுப் பெட்டி வேண்டாம்.

காலையில் கூடாரத்தை மடித்த பிறகு, ஐந்து நிமிடம் ஒதுக்கி இடத்தைச் சுற்றி வாருங்கள். சோற்றுப் பருக்கை, தேயிலைத் தூள், ஆரஞ்சுத் தோல், நெகிழித் துண்டு, எதுவானாலும் பைக்குள் போடுங்கள். உங்களுக்குப் பின் மாலையில் வந்து சேரும் குழு, அந்த இடத்தில் நேற்று யாரும் தங்கவில்லை என்று நினைக்க வேண்டும்.