வேதாளம் கேட்ட கேள்வி

மந்திரவாதி, பறக்கும் கம்பளம், ஏழு கடலுக்கு அப்பால் கிளிக்குள் ஒளிந்திருக்கும் அரக்கனின் உயிர் ஆகியவற்றையெல்லாம் வெறும் பொய்யென்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். கணக்குப் படிக்கவேண்டிய பிள்ளைக்குப் பேய்க்கதை எதற்கு என்பது அவர்கள் கட்சி. பகலெல்லாம் கோப்புகளோடு மல்லாடிவிட்டு வீடு திரும்பும் நம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு அவ்வாதம் நியாயமாகக்கூடத் தோன்றும். ஆயினும் நாம் அதை ஒப்புவதற்கில்லை.

1947 ஜூலைத் திங்களில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கினர். 1949இல் இந்தியிலும், பின்னர் வேறு பல மொழிகளிலும் அவ்விதழ் மலர்ந்தது. உருவிய வாளும், தோளில் வேதாளம் குடிகொண்ட பிணமுமாக விக்கிரமாதித்தன் நடந்துவரும் ஓவியர் சங்கரின் சித்திரத்தை மறந்தவர் யார்? நாம் வளர்ந்த அரசுக் குடியிருப்பில் அண்டைவீட்டுச் சிறுவன் அதே சித்திரத்தை இந்தி இதழில் பார்த்தான். நாம் தமிழில் பார்த்தோம். மொழி இரண்டாயினும் அச்சம் ஒன்றே.

அக்கதைகளின் மூலம் பழமையானது. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய ‘கதாசரித்சாகர’த்தில் அவை இடம்பெற்றுள்ளன. அரக்கன் கதையில் தீயவனைக் கோரைப்பல்லே காட்டிக்கொடுத்துவிடும். வேதாளத்தின் கதையிலோ எல்லாரும் நல்லவர்களாகவே தோன்றுவர். யார் பக்கம் நியாயம் என்பதே கேள்வி. விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிடில் தலை சுக்குநூறாகும். திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். காரியம் கெட்டாலும் அரசன் நியாயத்தையே சொல்கிறான்.

நம் மகளுக்கு வயது பத்து. ஆரி பாட்டர் நூல்களை ஆங்கிலத்தில் விரும்பிப் படிப்பாள். அதில் நமக்கு வருத்தமில்லை. தன் உயிரைக் கூறுபோட்டுப் பல பொருள்களில் ஒளித்துவைக்கும் வோல்டமார்ட்டு, நம் கிளிக்கதை அரக்கனுக்கு உறவினன்தானே! வருத்தம் வேறு. தமிழில் எது கேட்டாலும் அவளிடமிருந்து இந்தியிலேயே விடை வரும்.

ஓர் இரவு வேதாளத்தின் கதையொன்றை அவளுக்குச் சொன்னோம். ஒரு பெண்ணை மணக்க மூவர் விரும்பினர். அவள் இறந்துபோனாள். ஒருவன் அவள் சாம்பலின்மீதே படுத்து மயானத்தில் வாழ்ந்தான். மற்றொருவன் எலும்புகளைக் கங்கைக்குக் கொண்டுசென்றான். மூன்றாமவன் மந்திரம் கற்றுவந்து அவளை உயிர்ப்பித்தான். அவள் யாருக்கு உரியவள்? உயிர் தந்தவன் தந்தைக்கு ஒப்பு, கங்கைக்குச் சென்றவன் மகனுக்கு ஒப்பு, சாம்பலோடு கிடந்தவனே கணவன் என்பது அரசன் தீர்ப்பு.

மகள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்தாள். “அப்பா, அந்தப் பொண்ணை யாருமே கேக்கலையா? அது நியாயமில்லப்பா!”

நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த கதையில் நாம் எண்ணியும் பாராத கேள்வி அது. அதனினும் நம்மை நெகிழ்வித்தது, ‘நியாயம்’ என்ற சொல் அவள் வாயிலிருந்து தமிழில் வந்ததே. கடைக்குப் போவதற்கும் பள்ளிக்கூடம் போவதற்கும் அயல்மொழி போதும். ஆனால், ‘இது தகாது’ என்று நெஞ்சு கொதிக்கும்போது எந்த மொழியில் சொல் பிறக்கிறதோ, அதுவே குழந்தையின் சொந்த மொழி. எழுத்துப் பயிற்சிப் புத்தகம் அந்தக் கொதிப்பைத் தருவதில்லை, மாயக்கதை தருகிறது.

இன்று அம்புலிமாமா வெளிவருவதில்லை. சங்கரும் 2020இல் மறைந்தார். ஆயினும் வேதாளத்திற்கு அச்சகம் தேவையில்லை. உறங்கும் முன் கால்மணி நேரமும் தாய் தந்தையரின் குரலும் போதும். தலைநகரிலும் பிற நகரங்களிலும் பிள்ளை வளர்க்கும் அன்பர்களுக்கு நாம் சொல்ல விழைவது ஒன்றே. கதை முடிந்ததும் நீதியை நீங்களே எடுத்துரைத்துவிடாதீர்கள். கேள்வியோடு நிறுத்துங்கள். மௌனவிரதம் பூண்ட மன்னனையே பேசவைத்த வேதாளம், நம் பிள்ளைகளையும் தமிழில் பேசவைக்கும்.