மஞ்சள் துணியும் மாத்திரை அட்டையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு வேலை தவறாமல் நடக்கும். ஒன்று, தீபாவளிப் பலகாரத்துக்கு அரிசி ஊறவைத்து மாவு தயார் செய்வது. மற்றது, பரண் மேல் இருக்கும் பழுப்பு நிற ரெக்ஸின் பையை இறக்கித் தூசி தட்டுவது. 'புயல் பை' என்று பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் புது மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஊருக்குக் கிளம்பறீங்களா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமான கதைதான். இருந்தாலும் சொல்கிறேன்.

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஒரு புறம் உப்பளம், மறுபுறம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஊர் அடங்கின பிறகு சத்தம் மட்டும் கேட்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதே மூன்று மாசத்தில்தான் வங்கக் கடலில் புயலும் கிளம்புகிறது. கொடுக்கிற கையே அடிக்கவும் செய்யும் என்று என் மாமியார் சொல்வார்கள்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 15, வியாழக்கிழமை. கஜா புயல் அன்று ராத்திரி கரையைக் கடக்கும் என்று இரண்டு நாளாகவே ரேடியோவிலும் டி.வி.யிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கஜா என்றால் யானை. இலங்கை வைத்த பேராம் அது. சாயங்காலத்துக்குள் ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் இருப்பவர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நான் காலையிலிருந்தே பம்பரமாய்ச் சுழன்றேன். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் ஓரத்தைக் காட்டி ஒட்டினேன். டார்ச் லைட்டுக்குப் புது பாட்டரி, செல்போனுக்கு முழு சார்ஜ், அவல், வெல்லம், பிஸ்கட், பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி. எதையும் விடவில்லை என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

மாமியாரோ பூஜை மாடத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரு துண்டுத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதில் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்துகொண்டிருந்தார்கள். "விடிஞ்சா ஐப்பசிக் கடைசி வெள்ளிம்மா. மாரியம்மனுக்கு விளக்குப் போடணும். நீங்க பிள்ளைங்களை அழைச்சுக்கிட்டுப் போங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றார்கள்.

வந்ததே எனக்குக் கோபம்! மணி நாலாகிவிட்டது. வானம் ஒரு மாதிரி இருந்தது. தெருவில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். "ஏன் அத்தை, ஓடு பறந்தா உங்க மாரியம்மன் வந்து கையால பிடிச்சுக்கிட்டு நிப்பாளா?" என்று கேட்டுவிட்டேன்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர்களை அப்படி நான் பேசினதில்லை. அவர்கள் பதில் சொல்லவில்லை. மஞ்சள் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்கள். கொல்லைக்குப் போய்ப் பசுவையும் கன்றையும் அவிழ்த்துவிட்டார்கள். தீப்பெட்டிகளை எடுத்து எவர்சில்வர் சம்படத்தில் போட்டு அழுத்தி மூடினார்கள். காய்ந்த கொட்டாங்கச்சிகளைச் சாக்கில் கட்டிக் கல் மேடைக்கு அடியில் தள்ளினார்கள். அண்டா, குடம், தவலை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து மூடினார்கள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார்கள். கோபத்தில் செய்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்கு முப்பது நாற்பது பேர். ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. பதினொரு மணிக்கு மேல் காற்று வடக்கேயிருந்து அறைந்தது. காற்று என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. லாரி ஒன்று நிற்காமல் சுவரை இடித்துக்கொண்டே இருப்பது போல. வடபுற ஜன்னல் கதவுகள் பிய்த்துக்கொண்டு போயின. எல்லோரும் தென்புறச் சுவரோரம் ஒண்டிக்கொண்டோம். ஒரு மூலையில் எங்கள் தெரு பாய் வீட்டு அக்கா உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தி வேளாங்கண்ணி மாதா படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். நான் கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்து, பயத்தில் வரிகள் மறந்து, முதலிலிருந்தே திரும்பத் திரும்பச் சொன்னேன். மாமியார் என் மகன் தலையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில், சட்டென்று எல்லாம் நின்றது. காற்று இல்லை. மழையும் இல்லை. "அப்பாடா, போயிடுச்சு" என்று பெருமூச்சு விட்டோம். என் கணவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, "மாடு என்ன ஆச்சோ, ஓட்டம் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். நானும், "சீக்கிரம் வந்துடுங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இதை நினைத்தால் இன்றைக்கும் அடிவயிறு கலங்குகிறது.

மாமியார் எழுந்துபோய் வாசல் நிலையில் இரண்டு கையையும் வைத்துக் குறுக்கே நின்றார்கள். "போகாதே. காத்து போகலை. திரும்பி வரும். என் தம்பியும் இப்படித்தான் போனான்" என்றார்கள்.

அந்த இருட்டில்தான் அந்தக் கதையை முதல் தடவையாகச் சொன்னார்கள். 1977 நவம்பர் 12 விடியற்காலை நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரும்புயல் கரையேறியது. தீபாவளிக்குத் தாய் வீடு போயிருந்த மாமியார் கையில் இரண்டு வயசுக் குழந்தை - என் கணவர்தான் அது. நடுவில் காற்று நின்றதும், கட்டியிருந்த மாடுகளைப் பார்க்க அவர்கள் தம்பி வெளியே போயிருக்கிறார். மாட்டுக் கயிற்றை அவிழ்க்கும்போதே எதிர்த் திசையிலிருந்து காற்று அடித்து, பனை மரம் சாய்ந்துவிட்டது. பத்தொன்பது வயசுப் பையன்.

என் கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமியார் அதோடு விடவில்லை. "இனிமே தெற்கேயிருந்து வரும். எல்லாரும் வடக்குப் பக்கம் மாறிக்குங்க" என்று அறையில் இருந்த அத்தனை பேரையும் கிளப்பினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் மாறினோம். அரைமணி நேரம் இருக்கும். தெற்கேயிருந்து வந்தது பாருங்கள்! நாங்கள் படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

பிறகு என் மகள்தான் பாடப்புத்தகத்தைப் பார்த்து விளக்கினாள். புயல் என்பது சுழலும் காற்று. அதன் நடுவில் 'கண்' என்று காற்றில்லாத ஒரு வட்டம் இருக்கும். கண் நம் ஊருக்கு நேராக வந்தால் அமைதியாகிவிடும். அது நகர்ந்ததும் மறுபுறத்துக் காற்று நேர் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். மாமியாருக்கு இந்தப் பாடம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது தம்பி போன விதம் மட்டும்தான்.

விடிந்து போய்ப் பார்த்தால், ஊரே அடையாளம் தெரியவில்லை. எங்கள் இருபத்திரண்டு தென்னையில் நின்றது மூன்று. வீட்டின் முன்பக்கத்து ஓடு முழுக்கப் போய்விட்டது. மாமரம் ஒன்று பூஜை மாடத்தின் மேல் விழுந்திருந்தது. பசுவும் கன்றும் மூன்றாம் நாள் தாமாகவே வந்து நின்றன. கட்டிப்போட்ட வீடுகளில் மாடு பிழைக்கவில்லை. டெல்டா ஜில்லாக்களில் லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்ததாகச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாசமாயிற்று. வெளி மாநிலத்து ஊழியர்களெல்லாம் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. மாமியார் பிடித்துவைத்த தண்ணீர்தான் முதல் இரண்டு நாளைக்கு. பிறகு தெருக்கோடி அடிபம்பு. விறகெல்லாம் நனைந்து கிடக்க, அந்தக் கொட்டாங்கச்சிதான் எரிந்தது. சம்படத்துத் தீப்பெட்டியை நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். நான் முழு சார்ஜ் போட்டு வைத்த செல்போன், டவர் இல்லாமல் சும்மா கிடந்தது.

இனிமேல்தான் வெட்கமான இடம். நாலாம் நாள் காலை, அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மாமியார் குடத்தோடு கீழே சாய்ந்துவிட்டார்கள். மருத்துவ முகாமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்த அழுத்தம் 190-க்கு மேல். "எத்தனை நாளா மாத்திரை போடலை?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். எனக்குச் சுரீர் என்றது. பத்திரம், சான்றிதழ், பிஸ்கட் என்று எல்லாம் எடுத்துவைத்தவள், தினமும் அவர்கள் போடும் மாத்திரை அட்டையை எடுத்துவைக்கவில்லை. அது ஜன்னல் மாடத்திலேயே இருந்து மழையில் கரைந்து போயிருந்தது. நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

"ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லலை?" என்று அழுதேன். "நீ கோவமா இருந்தே. இருக்கற கஷ்டத்துல என் மாத்திரை வேறயான்னு விட்டுட்டேன்" என்றார்கள். ஒரு கடுஞ்சொல் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்! மாத்திரையை நிறுத்தினது நானல்ல, புயலல்ல, அந்தச் சொல்தான். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் இரண்டு நாளில் தேறினார்கள். தேறாமல் போயிருந்தால்?

நவம்பர் 23, கார்த்திகை தீபம். கரண்ட் இல்லாத ஊர். கூரையில்லாத வீடு. இருந்த எண்ணெயில் ஐந்து அகல் ஏற்றினோம். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு, மூன்று. வேறு வெளிச்சமே இல்லாததால் அந்தச் சின்னச் சுடர்கள் வெகுதூரம் தெரிந்தன. அப்போது அவர்கள் காலடியில் உட்கார்ந்து, "அன்னைக்குப் பேசினது தப்பு அத்தை" என்றேன்.

"தப்பு என்னம்மா? ஓட்டைப் பிடிச்சுக்க அவ வரலைதானே" என்று சிரித்தார்கள். "சாமியை வேண்டிக்கறது பயம் போகறதுக்கு. பயம் போனாத்தான் கை வேலை செய்யும். எனக்கு அந்தக் காசை முடிஞ்சப்புறம்தான் மாட்டை அவுக்கணும்னே ஞாபகம் வந்தது."

பிரசங்கங்களில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுலபமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அந்தப் பையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே கட்டுகிறோம். முதலில் மருந்து. மாமியாருடைய மாத்திரை இரண்டு வாரத்துக்கு, டாக்டர் சீட்டோடு. பழசை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதுசை உள்ளே வைப்போம். காலாவதியாகாது. இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், அதைக் குளிர்ச்சியாக எப்படிக் கொண்டுபோவது என்று இப்போதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்காரிகள் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் சில வைத்துக்கொள்ள வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக்குறைய வேண்டாம். புயலுக்குப் பிறகு தண்ணீர் கெட்டு வயிற்றுப்போக்கு வரும். தளதளவென்று கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிந்த ஓட்டிலும் மட்டையிலும் பாம்பு ஒண்டியிருக்கும். கோலால் தட்டிவிட்டுக் கை வையுங்கள்.

அதன் பிறகு 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் வந்தன. இரண்டும் புதுச்சேரிப் பக்கம் கரையேறின. இரண்டு தடவையும் எங்கள் பை தயாராகத்தான் இருந்தது. யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை.

மாமியாருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. இந்த ஐப்பசியிலும் பையைத் திறந்ததும், நான் மாத்திரை அட்டையை வைக்க, அவர்கள் மஞ்சள் முடிச்சை அதன் மேல் வைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் வயசானவர்கள் இருப்பார்கள். அவர்கள் பார்த்த புயலையும் வெள்ளத்தையும் ஒருநாள் உட்காரவைத்துக் கேளுங்கள். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை. அப்படியே, மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.