தண்டவாளம் போகாத ஊருக்கு ஒரு தினப்பயணம்



போன மாதம் என் சாச்சியின் மகள் கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசினாள். பேசினாள் என்பதைவிட ரயிலைத் திட்டித் தீர்த்தாள் என்பதே சரி. பாணந்துறையிலிருந்து மருதானைக்குத் தினமும் அலுவலக ரயிலில் போகிறவள் அவள். இருக்கை இல்லை, நிற்க இடமில்லை, மிதிபலகையில் ஆண்கள் தொங்குகிறார்கள், யாரோ ஒருவனின் சாப்பாட்டுப் பை எப்போதும் விலாவில் இடிக்கிறது, ரயில் ஏன் நின்றது என்று யாரும் சொல்வதில்லை. இப்படியே அரைமணி நேரம். கடைசியில், "உங்களுக்கென்ன ராத்தா, யாழ்ப்பாணத்தில் நிம்மதியாக இருக்கிறீர்கள்" என்று முடித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஆகவே என் காலைப் பயணத்துக்கு உங்களையும் ஒருநாள் அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கிய ரயில். 1990இல் நின்றது. 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாண நிலையத்துக்கு மறுபடி ரயில் வந்தது. அன்று சோனகத்தெருவிலிருந்து எத்தனையோ பேர் வெறுமனே பார்ப்பதற்காகவே போனோம். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் தீவுகளுக்குத் தண்டவாளம் ஒருநாளும் இருந்ததில்லை. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் நயினாதீவில். எங்களுடைய ரயில் பாதி பஸ், பாதி படகு.

காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். சுபஹு தொழுதுவிட்டு, உம்மா கட்டித்தரும் இடியப்பப் பார்சலைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுவேன். பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு இன்னொரு நீண்ட கடற்பாலம், அதைத் தாண்டினால் புங்குடுதீவு. ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வழிநெடுகக் கூரையில்லாத கல்வீடுகள். அந்த வீட்டுக்காரர் பலர் இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள்.

அழகான பாதைதான். முதல் ஒரு கிழமை நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதற்குப் பிறகு கண்ணில் படுவதெல்லாம் மூட முடியாத ஜன்னல் கண்ணாடி ஒன்றுதான். சோழகக் காற்றுக் காலத்தில் கடற்பாலத்தின் மேல் அந்த ஜன்னலோரம் அகப்பட்டவரின் முக்காடு தலையில் நிற்காது. நான் ஐந்து ஊசி குத்துவேன். ஆறாவது ஊசியைப் பக்கத்தில் இருக்கும் வேலணை அக்கா கடன் கேட்பார், தன் சேலைத் தலைப்புக்கு. பின்வரிசையில் ஒருவர் தினமும் கைத்தொலைபேசியில் பழைய பாட்டு வைப்பார், பஸ்ஸுக்கே கேட்கும்படி. ஏற்கனவே நிரம்பிய பஸ்ஸில் கொண்டக்டர், "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு" என்பார். அந்த இடம் எங்கே கிடக்கிறது என்று மூன்று வருடமாகத் தேடுகிறேன்.

குறிகட்டுவானில் பஸ் நின்றதும் எல்லோரும் ஓட்டம். இங்கேதான் ரயில் பயணிகளுக்குத் தெரியாத வித்தை ஒன்று இருக்கிறது. படகுகள் இறங்குதுறையில் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிக் கிடக்கும். உங்கள் படகு கடைசியில் நின்றால் முதலாவது படகில் ஏறி, இரண்டாவதுக்குத் தாவி, மூன்றாவதன் விளிம்பைப் பிடித்துப் போக வேண்டும். அபாயாவோடு இதைச் செய்து பாருங்கள்! ஒரு கையில் பாதணி, மறு கையில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள். முதல் நாள் நான் நடுவில் நின்று அழாத குறை. படகுக்கார ஐயா ஒருவர் தன் கையை நீட்டாமல் ஒரு கயிற்றை நீட்டினார். "பிடிச்சுக்கொண்டு வாங்கோ ரீச்சர், பயப்பிடாதேங்கோ." நான் ஏன் தயங்கினேன் என்று அந்த மனிதருக்கு விளங்கியிருந்தது. இன்றைக்கும் கயிறுதான்.

பெண்களும் பிள்ளைகளும் கீழ்த்தட்டில். தலையைக் குனிந்துதான் இறங்க வேண்டும். டீசல் மணம், இயந்திரச் சத்தம், உயிர்காப்பு அங்கிகளின் ஈர வாடை. கடல் அமைதியாக இருக்கையில் அந்த அங்கியை மடியில் வைத்துக்கொண்டு கதை பேசுவோம். வாடைக்காற்று காலத்தில் முதல் அலை பலகையில் அடித்ததும் கதை நின்றுவிடும், எல்லோரும் சத்தமில்லாமல் அங்கியை மாட்டிக்கொள்வோம். என் உதடு துஆ ஓதும். எதிரே இருக்கும் அம்மா நாகபூசணித் தாயே என்பார். பதினைந்து இருபது நிமிடம்தான். அதற்குள் மூக்குக் கண்ணாடியில் உப்புப் படிந்து உலகமே மங்கலாகிவிடும்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவில் இருக்கிறது, நாகவிகாரை இருக்கிறது, ஒரு சிறு பள்ளிவாசலும் இருக்கிறது. அம்மன் திருவிழா வரும் ஆனி மாதத்திலும் பௌத்தர்களின் யாத்திரை நாட்களிலும் தென்னிலங்கையிலிருந்தெல்லாம் சனம் திரளும். அந்த நாட்களில் குறிகட்டுவான் வரிசையில் நாங்களும் யாத்திரிகர்தான். "நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள்" என்று சொன்னால் சிலர் வழிவிடுவார்கள். சிலர், "நாங்கள் இரவெல்லாம் பஸ்ஸில் வந்தோம்" என்பார்கள். அதுவும் நியாயம்தானே?

நெடுந்தீவு ஆசிரியைகளோடு ஒப்பிட்டால் என் பாடு பாடே இல்லை. அவர்களுக்கு அதே துறையிலிருந்து ஒரு மணிநேரக் கடல். ஆகவே பலர் திங்கள் போனால் வெள்ளிதான் திரும்புவார்கள், பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். மற்றவை மறந்துபோயின, நெடுந்தீவுக்கு மட்டும் டெல்வ்ற் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குமுதினி, வடதாரகை, 2017இல் வந்த நெடுந்தாரகை என்று அந்தத் தீவுக்காரர் படகுகளைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள், வீட்டு ஆட்களைப் போல. குமுதினி என்றதும் வயதானவர்கள் சற்று மௌனமாவார்கள். 1985 மே 15 அன்று நடுக்கடலில் அந்தப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தையும் அதில் உண்டு.

ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் வேறொரு வேடிக்கை. அங்கிருந்து காரைநகருக்குக் குறுகிய கடல், அதைக் கடக்க ஒரு மிதவை. மோட்டார் சைக்கிளோடு ஏறலாம், காசு இல்லை. அதற்குச் சனங்கள் வைத்த பெயர் 'பாதை'. "பாதை வந்திட்டுதா? பாதை போட்டுதா?" என்று கேட்பார்கள். பாதையே எழுந்து போய்விடும் ஊர் உலகில் வேறெங்கும் உண்டா, சொல்லுங்கள்! நடுக்கடலில் ஒல்லாந்தரின் கோட்டை தெரியும்.

நயினாதீவுக் கோவிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பராக்கிரமபாகு மன்னனுடையது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: எண்ணூறு வருடத்துக்கு முன்னேயே கப்பல் உடைந்தால் என்ன கணக்கு என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். படகு பிந்தினால் என்ன கணக்கு என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

அந்தக் கணக்கை நான் சொல்கிறேன். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் முதல் படகு போய்விடும். அடுத்ததைப் பிடித்து நான் வகுப்புக்குள் நுழையும்போது முதற்பாடம் முடிந்திருக்கும். என் வகுப்பின் முதற்பாடம் கணிதம். முதல் தவணையில் குறித்து வைத்தேன். பதினொரு கணித பாடம் கடலில் போயிருந்தது. அதிபரிடம் சொல்லி, தீவிலேயே குடியிருக்கும் ஆசிரியை ஒருவரின் பாடத்தை முதலாவதாகவும் என்னுடையதை மூன்றாவதாகவும் மாற்றினோம். அவ்வளவு சின்ன விஷயம். அதற்கு எனக்கு ஒரு தவணை எடுத்தது. வருடக் கடைசியில் பிள்ளைகளின் புள்ளியில் வித்தியாசம் தெரிந்தது.

உம்மாவுக்கு என் பயணம் பிடிக்காது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணிநேரத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று புலிகள் சொன்னபோது, என்னைக் கையில் பிடித்து, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறியவர் அவர். புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருபது வருடம். "திரும்பி வந்தது கடலில் அலையவா மகள்?" என்று கேட்பார். கஷ்டப் பிரதேச சேவையில் மூன்று வருடம் முடிந்துவிட்டது. நகரப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்கலாம். படிவத்தை உம்மாவே வாங்கிவந்து குர்ஆன் வைக்கும் றாக்கையின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. இரவில் எழுந்தால் பிடித்துக்கொள்ள நான்தான். நான் வர மாலையாகிறது.

மறுபக்கம், எனக்கு முன்னே இருந்த கணித ஆசிரியை போன பிறகு ஏழு மாதம் அந்தக் கதிரை காலியாகக் கிடந்தது. அதை எனக்குச் சொன்னவள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. முறைப்பாடாகக் கூடச் சொல்லவில்லை. "நீங்கள் எப்ப போறீங்கள் ரீச்சர்?" என்று கேட்டாள், மழை எப்போது வரும் என்று கேட்பதைப்போல.

சகோதரிகளே, நீங்கள் நயினாதீவுக்கு வந்தால் தடித்த பிளாஸ்ரிக் பையொன்று கொண்டுவாருங்கள், கைப்பையை அதற்குள் போடலாம். குதியுயர்ந்த செருப்பு வேண்டாம். ஊசி தாராளமாக. காலை முதல் படகில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளையோ கையில் கொப்பிக் கட்டோடு யாரையோ கண்டால் ஒரு நிமிடம் ஒதுங்கி முன்னே விடுங்கள். அடுத்த படகில் நீங்கள் வரலாம், கோவிலும் விகாரையும் ஓடிப்போகாது.

படிவம் கொடுக்க இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. உம்மா நேற்றும் கேட்டார். நிரப்பவில்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் நாளைக்கு இடியப்பமா பிட்டா என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.