மோர்ஸ் துரையின் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு லேத் பட்டறையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கோயமுத்தூரில் அக்காவைக் கட்டிக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். மாமா பேச ஆரம்பித்தால் சாம்பாரில்கூட கட்டிங் ஆயில் வாசனை அடிக்கும்.

போன வருஷம் மாமா செகண்ட் ஹாண்டில் ஒரு லேத் வாங்கினார். பணம், அக்காவின் வளையல்கள் பேங்குக்குப் போய்க் கொண்டுவந்தது. அந்த லேத்தில் கடைந்து அனுப்பிய 40 மோட்டார் ஷாஃப்ட்டும் ஒன்று விடாமல் திரும்பி வந்தன. ஷாஃப்ட்டின் இரண்டு முனையும் ஒரே மையத்தில் இல்லையாம். இன்னொரு லாட் இப்படி வந்தால் ஆர்டர் வேறு பட்டறைக்கு என்று சொல்லிவிட்டார்கள். வளையலுக்கு மாதாமாதம் வட்டி கணக்குப் போடுகிறவன் நான். எனக்கே வயிற்றைக் கலக்கியது.

"ஸ்பிண்டில் பேரிங் போச்சு மாப்ளே" என்றார் மாமா, துக்க வீட்டுக் குரலில்.

ரிட்டயரான டர்னர் ஒருவரைக் கூட்டி வந்தோம். பெரியவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு, "பேரிங் மேல எதுக்குங்க பழி போடறீங்க? முதல்ல அந்த ஸ்லீவைக் கழட்டுங்க" என்றார்.

இங்கே கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. ஸ்பிண்டிலின் துளை வாயில் அகலமாகவும் உள்ளே போகப் போகச் சிறுத்தும் இருக்கும். அதுதான் டேப்பர். அதே சரிவில் செய்த சென்டரைத் துடைத்து உள்ளே ஒரு தட்டுத் தட்டினால், போல்ட்டும் வேண்டாம் நட்டும் வேண்டாம், கவ்விக்கொள்ளும். பக்கத்துக்கு ஒன்றரை டிகிரி சரிவுதான். ஆனால் நீளம் முழுக்க இரும்பும் இரும்பும் ஒட்டி உட்கார வேண்டும். நடுவே ஒரு பிசிறு சிக்கினால்கூட முனை ஆடும்.

இதற்கு அளவு வகுத்தவர் அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ், 1860-களில். தந்திக்கார மோர்ஸ் வேறு ஆள். 0 முதல் 7 வரை நம்பர்கள். மாமாவின் ஸ்பிண்டில் 5-ம் நம்பர், சென்டர் 3-ம் நம்பர். நடுவில் ஸ்லீவ்: வெளியே 5, உள்ளே 3. மாப்பிள்ளைக்குச் சட்டை தொளதொள என்றால் உள்ளே ஒரு பனியன் போட்டு விடுகிறோமே, அந்த மாதிரி.

பெரியவர் வெறும் ஸ்பிண்டில் துளையில் டயலை வைத்துச் சுற்றினார். முள் அசையவே இல்லை. ஸ்லீவையும் சென்டரையும் மாட்டிச் சுற்றினார். முள் பரதநாட்டியம் ஆடியது. அப்புறம் சென்டரில் மெல்லிசாக நீலம் தடவி ஸ்லீவுக்குள் செருகி எடுத்தார். உள்முனையில் மட்டும் நீலம் உரசியிருந்தது. வாய்ப்பக்கம் தொடவே இல்லை.

யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஸ்லீவைப் பட்டறையிலேயே கடைந்திருக்கிறார். வெளியே வைத்த சரிவையே உள்ளேயும் வைத்துவிட்டார். ஒரே மோர்ஸ், ஒரே சரிவு என்ற நம்பிக்கை! மோர்ஸ் துரை அப்படி வைக்கவில்லை. 3-ம் நம்பருக்கு அடிக்கு 0.602 அங்குலம், 5-க்கு 0.631. நம்பருக்கு நம்பர் ஒரு விகிதம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் உலகம் 150 வருஷத்துக்கு மேல் இதில்தான் ஓடுகிறது. சென்டர் உட்காரும் 80 மி.மீ. நீளத்தில் அந்த வித்தியாசம் வாயில் சுமார் 0.2 மி.மீ. இடைவெளியாகிவிடும்.

"அப்படின்னா கடையறப்ப ஏன் தெரியலீங்க?" என்றார் மாமா.

"ஒரு பாதி கடையற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். திருப்பிப் போட்டு மறுபாதி கடையறீங்கல்ல, அங்கதான் மையம் விலகுது" என்றார் பெரியவர்.

கிரைண்டிங் செய்த புது ஸ்லீவ் வாங்கப் போனோம். "ஒரு துண்டு இரும்புக் குழாய்க்கு இவ்வளவா?" என்று மாமா கடைக்காரரிடம் அரை மணி பேரம் பேசினார். வளையல் வட்டி எவ்வளவு என்று காதில் சொன்னேன். சட்டென்று பர்ஸ் திறந்தது.

அடுத்த 40 ஷாஃப்ட்டும் போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை. பழைய ஸ்லீவை யாரும் தப்பித் தவறி மாட்டிவிடக்கூடாது என்று மாமா சிவப்பு பெயின்ட் அடித்து வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். அக்கா பையன் அதில் பென்சில் போட்டு வைத்திருக்கிறான்.